ஒழுங்கில்லாத வினைச்சொற்களும் ஒரு வலது காலும்

எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கும் பிரியா என்ற பெண் போன மாதம் போன் செய்தாள். "மேடம், இப்ப எல்லாத்தையும் போனே மொழிபெயர்த்துக் குடுத்துடுது. நாம நம்ம பாஷைல பேசினா அந்தப் பக்கம் அவங்க பாஷைல வந்துடுது. எங்களை எல்லாம் என்ன பண்ணப் போறாங்கன்னே தெரியல. நீங்க உங்க காலத்து அனுபவத்தை எழுதிக் குடுங்களேன், ஆபீஸ் மலர்ல போடறோம்" என்றாள்.

போன் மொழிபெயர்த்துவிட்டுப் போகட்டும். அதோடு எனக்கு என்ன சண்டை? கண் ஆபரேஷன் ஆன பிறகு மருந்துச் சீட்டை எனக்கு அதுதான் படித்துச் சொல்கிறது. ஆனால் பிரியாவிடம் ஒன்று கேட்டேன். "ஏம்மா, ஒரு ஆளை முட்டாள்னு திட்டச் சொன்னா அந்தப் போன் திட்டுமா?" அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் திட்டியிருக்கிறேன். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, சாகக் கிடந்த ஒரு இளைஞனை, போர்ச்சுகீசிய மொழியில், சுத்தமான உச்சரிப்போடு திட்டியிருக்கிறேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் மிகவும் பெருமைப்படுகிற காரியமும் அதையொட்டித்தான் நடந்தது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில். அப்பா மத்திய சர்க்காரில் கிளார்க். சொந்த ஊர் கோமதி அம்மன் இருக்கும் சங்கரன்கோவில் பக்கம் என்பதால் எனக்குக் கோமதி என்று பெயர். படித்தது மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூடம். இந்தி தெருவில் வந்தது, இங்கிலீஷ் டைப்ரைட்டரில் வந்தது. எழுபதுகளில் ஒரு அலுவலகத்தில் ஸ்டெனோவாகச் சேர்ந்தேன். அந்தச் சமயம் ஆப்பிரிக்காவில் போர்ச்சுகீசியர் ஆண்ட நாடுகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் அடைந்தன. அங்கிருந்து ரயில்வேக்காரர்கள், நர்சுகள், என்ஜினீயர்கள் என்று பயிற்சிக்காக டில்லிக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்களோடு பேச ஆளில்லை. விருப்பமுள்ள ஊழியர்கள் மொழி வகுப்பில் சேரலாம் என்று சுற்றறிக்கை வந்தது.

என் சகாக்கள் எல்லாம் ரஷ்யனுக்கும் பிரெஞ்சுக்கும் ஓடினார்கள். நான் போர்ச்சுகீசை எடுத்ததற்குக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். ரஷ்யன் வகுப்பு முடிகிற நேரத்துக்கு ஆர்.கே.புரம் போகும் சார்ட்டர்டு பஸ் போய்விடும். போர்ச்சுகீசு வகுப்பு காலையில், ஆபீஸ் ஆரம்பிக்குமுன்.

வகுப்பெடுத்தவர் நொரோன்யா சார். கோவாக்காரர். போர்ச்சுகீசியர் காலத்தில் அங்கே கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஒல்லி. ஏப்ரல் மாதத்திலும் காப்பி நிற ஸ்வெட்டர். முதல் நாள் ஒவ்வொருவரையும் "ஏன் இந்த மொழி?" என்று கேட்டார். ஒருவர் இலக்கியம் என்றார், இன்னொருவர் உலக அரசியல் என்றார். நான் "பஸ், சார்" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மிஸ் கோமதி, உங்களுக்கு வரும்" என்றார். அவர் என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். இங்கே தமிழாக எழுதுகிறேன்.

ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசிய வார்த்தைகள், ஆகவே தமிழர்களுக்கு இது சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்டால் எனக்குக் கோபம் வரும். பெயர்ச்சொல்லை யார் வேண்டுமானாலும் கடன் வாங்கலாம். வினைச்சொல்லை அவ்வளவு லேசில் கடன் வாங்க முடியாது. அதைப் பாடுபட்டுத்தான் படிக்க வேண்டும்.

போர்ச்சுகீசில் வினைச்சொல் ஒன்றுக்கு, காலத்துக்குக் காலம் ஆறு உருவம். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள். பெரும்பாலான வினைகள் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்று தெரிந்தால் நூறு தெரியும். சில மட்டும் எந்த அச்சுக்கும் அடங்காது. நம்மிடமும் உண்டே: 'வா' என்கிறோம், 'வருகிறேன்' என்கிறோம், 'வந்தேன்' என்கிறோம். அங்கே 'போ' என்ற வினையை நிகழ்காலத்தில் சொன்னால் வோ, வாய்ஷ், வாய், வாமுஷ், ஈதிஷ், வாவ்ன் என்று ஆறும் ஆறு திக்கில் போகும். இறந்தகாலத்துக்குப் போனால் அடியோடு வேறு வார்த்தை. வகுப்பில் ஒருவர் எரிச்சலில், "சார், இவ்வளவு முக்கியமான வினையெல்லாம் ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது?" என்று கேட்டார். நொரோன்யா சார் சொன்னது எனக்கு இன்றும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"உங்கள் வீட்டில் எந்தப் பாத்திரம் நசுங்கியிருக்கும்? தினமும் புழங்குகிற பாத்திரம். விருந்தாளிக்கென்று எடுத்து வைத்தது அப்படியே இருக்கும். இரு, வா, போ, கொடு, சொல், முடியும், வேண்டும். மனிதன் ஒரு நாளில் இதையெல்லாம் எத்தனை தடவை கையாளுகிறான். நசுங்காமல் என்ன செய்யும்?"

அவர் பயிற்சி முறை கடுமையானது. காலையில் டீ வருமுன் எழுந்து நிற்க வேண்டும். அவர் வினையையும் காலத்தையும் சொல்வார். நாம் ஆறு உருவத்தையும் மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். ஐந்தாவதாக வரும் அந்த 'நீங்கள்' உருவத்தை இப்போது யாரும் பேச்சில் பயன்படுத்துவதில்லை. பாதிரியார்கள் பிரசங்கத்தில்தான் சொல்வார்கள். "அதையும் எதற்கு சார்?" என்று கேட்டால், "மாடிப்படியில் நீங்கள் மிதிக்காத படியை எடுத்துவிடலாமா?" என்பார். நாம் தப்பாகச் சொன்னால் 'தப்பு' என்று சொல்ல மாட்டார். கையிலிருக்கும் பேனாவை மெதுவாக மூடுவார். அவ்வளவுதான், முதல் வினையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூன்று மாதத்தில் வகுப்பில் நான் மட்டும் மிச்சம்.

பஸ் ஸ்டாப்பில், ரேஷன் கியூவில், மலை மந்திர் முருகன் கோவில் பிராகாரத்தில் எங்கும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். ஒரு கிருத்திகை அன்று அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, சாமி முன்னால நின்னு என்னத்தட்டி முணுமுணுக்க?"

"இந்த வாரத்து வினைச்சொல்லும்மா."

"அதுக்கு முருகன் என்ன செய்வான்? பெயிலாப் போனா அவன் தலையில போடாத."

நான் பெயிலாகவில்லை. அலுவலகத்திலேயே மொழிபெயர்ப்பாளராக்கினார்கள். அதன் பிறகுதான் நொரோன்யா சார் உண்மையான வேலையைக் கற்றுக்கொடுத்தார். பேச்சை மொழிபெயர்ப்பதற்கு அவர் வைத்திருந்த விதிகள் சில. அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல். 'அவர் சொல்கிறார்' என்ற வார்த்தை உன் வாயில் வரக் கூடாது. 'அவனிடம் சொல்' என்று யாராவது ஆரம்பித்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே, அடுத்ததை நேராகச் சொல். கூட்டாதே, குறைக்காதே, குழைக்காதே. இரு தரப்பில் ஒன்று அறையில் இல்லாதபோது மற்றதோடு உட்கார்ந்து பேசாதே. எல்லாவற்றுக்கும் மேல், "மிஸ் கோமதி, நீங்கள் அந்த அறையில் இல்லை."

இந்த 'நான்' பழகிப்போனால் லேசில் விடாது. ஒரு தடவை துறைமுக அதிகாரி ஒருவருக்காக நாள் முழுக்கப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, சோபாவில் விழுந்து, "என்கிட்ட ரெண்டு துறைமுகம் இருக்கு. சாமான் இறக்கத்தான் ஆளில்லை" என்றேன். அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு துறைமுகம் வச்சிருக்கவளுக்கு ஒரு மாப்பிள்ளை அமைய மாட்டேங்கே" என்றாள். கடைசிவரை அமையவில்லை. நானும் தேடவில்லை, விடுங்கள்.

இனி அந்தக் கால் விஷயத்துக்கு வருகிறேன்.

எண்பதுகளின் ஆரம்பம். மொசாம்பிக் நாட்டிலிருந்து ரயில் என்ஜின் ஓட்டுநர் பயிற்சிக்கு வந்த குழுவில் எர்னெஸ்து என்று ஒருவன். இருபத்திரண்டு வயது. நல்ல உயரம். சாயங்காலங்களில் ஹாஸ்டல் மைதானத்தில் ஃபுட்பால் ஆடுவான். ஆடும்போது வலது காலில் அடிபட்டிருக்கிறது. வெளியே சொன்னால் பயிற்சியை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறான். நாற்றம் வந்த பிறகுதான் அறை நண்பர்கள் தூக்கிக்கொண்டு வந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவனுக்கு இங்கிலீஷ் நாலு வார்த்தை. இந்தி 'பையா', 'அச்சா'. ஆகவே நான் போனேன்.

முதல் நாள் ஒரு தமாஷ். பயிற்சி டாக்டர் ஒருவர், புதுப் பையன், கேஸ் எழுத வந்தார். எர்னெஸ்து சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில், "எனக்குத் தொடை வரை வலிக்கிறது. ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. பாதத்தில் உணர்ச்சியே இல்லை" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் செருப்பைப் பார்த்து, "மேடம், உங்களுக்கும் அப்படியா?" என்றார். எர்னெஸ்துவுக்குக்கூடப் புரிந்து சிரித்துவிட்டான். அதுதான் அவன் அங்கே கடைசியாகச் சிரித்தது என்று நினைத்தேன்.

மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். டாக்டர் பிந்த்ரா, பஞ்சாபிக்காரர். கை பொன்னான கை என்று வார்டே சொல்லும். வாய் அப்படியில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், கால்மாட்டில் ஒரு கேரளத்து நர்ஸ்.

"கால் அழுகிவிட்டது. முழங்காலுக்கு மேலே எடுக்கணும். இல்லையென்றால் விஷம் உடம்பு முழுக்கப் பரவி இவன் செத்துப்போவான். கையெழுத்துப் போடச் சொல்" என்றார்.

நான் போர்ச்சுகீசில், "உன் கால் அழுகிவிட்டது. முழங்காலுக்கு மேலே நான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் நீ செத்துப்போவாய். கையெழுத்துப் போடு" என்றேன்.

எர்னெஸ்து கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "வேண்டாம். இரண்டு காலோடு வந்தேன், இரண்டு காலோடுதான் போவேன். மண்ணுக்குள் போவதாக இருந்தாலும் சரி."

அதை இங்கிலீஷில் நான் சொன்னேன். 'நான்' என்றே சொன்னேன். "இரண்டு காலோடு வந்தேன், இரண்டு காலோடுதான் போவேன்." நர்ஸ் என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. "இவன் ஒரு முட்டாள் என்று சொல். சாகிற வயதா இது? முட்டாள்."

ஒரு நொடி யோசித்தேன். 'நீ யோசித்துப் பார் தம்பி' என்று மாற்றிச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லையா? இருந்தது. ஆனால் டாக்டர் சொன்னது அதுவல்ல. "நீ ஒரு முட்டாள். சாகிற வயதா இது? முட்டாள்" என்றேன். எர்னெஸ்து டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதன் பிறகு யார் கேட்டும் வாய் திறக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

வராண்டாவுக்கு வந்ததும் டாக்டர் என்னிடம், "நீயாவது கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாமே" என்றார். எனக்கு வந்ததே கோபம். "நான் எதுவும் சொல்லவில்லை டாக்டர். சொன்னது நீங்கள். பதமாகச் சொல்ல வேண்டுமானால் நீங்கள் பதமாகச் சொல்லுங்கள், நான் அதையும் அப்படியே சொல்லுவேன்" என்றேன். ஸ்டெனோவாக இருந்து வந்த ஒரு பெண் அந்த மனிதரிடம் அப்படிப் பேசியது அந்த வராண்டாவில் அதுவே முதல் தடவையாக இருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளை மத்தியானம் வரைதான் பார்க்கலாம். அதற்கப்புறம் அவன் சம்மதித்தாலும் என்னால் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எர்னெஸ்துவின் நாட்டு அதிகாரி ஒருவரும் வந்து பார்த்துவிட்டு, வயது வந்தவன், அவன்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஆபீஸுக்குப் போய் நொரோன்யா சாரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"முட்டாள் என்பதற்கு எந்த வார்த்தை போட்டீர்கள்?"

"பார்வு, சார்."

"சரியான வார்த்தை. குரல்?"

"டாக்டர் குரல் மாதிரியே, சார்."

"நல்லது. நாளைக்கும் நீங்களே போங்கள்."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் சார்ட்டர்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். என் தம்பி வயதுதான் அந்தப் பையனுக்கு.

மறுநாள் காலை போனபோது டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். அவர் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். கட்டிலருகே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எர்னெஸ்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நெற்றி காய்ச்சலில் பளபளத்தது. பேச எனக்கு அனுமதி இல்லை. டாக்டர் இல்லாதபோது நான் பேசினால் அது என் பேச்சாகிவிடும். ஏதாவது சொல்லேன் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. விதி விதிதான் என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் என் வாய்க்கு ஒரு பழக்கம் இருந்ததே. பேச்சு ஆரம்பிக்குமுன், அன்றைக்குத் தேவைப்படும் வினைச்சொற்களை மெல்லிய குரலில் ஓட்டிப் பார்ப்பேன், பாட்டுக்காரர்கள் சுருதி பார்ப்பதைப் போல. அன்று எனக்குத் தோன்றிய வினை 'முடியும்'. என்னை அறியாமலே முணுமுணுத்தேன். "போஸு, போதிஷ், போதி, புதேமுஷ்…" என்னால் முடியும், உன்னால் முடியும், அவனால் முடியும், நம்மால் முடியும். ஐந்தாவதில் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"புதெய்ஷ்" என்றது கட்டில்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னான். பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டுச் சொல்வார்களே, அந்த ராகத்தில். பிரசங்கத்துக்கு வெளியே யாரும் சொல்லாத அந்த ஐந்தாவது உருவத்தை.

அவன் வாயிலிருந்து முந்தின நாளுக்குப் பிறகு வந்த முதல் சொல் அது. பதில் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் வினைச்சொல்லை ஓட்டிப் பார்ப்பது யாருடைய பேச்சும் இல்லையே. ஆகவே ஆறாவதைச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த வினைக்குப் போனேன். 'வா'. முதல் நான்கையும் நான் சொல்லி நிறுத்தினேன். ஐந்தாவது சுவர்ப்பக்கமிருந்து வந்தது. 'போ'. அதிலும் அப்படியே. அடுத்த வினையில் அவன் என் பக்கம் திரும்பிவிட்டான்.

"உங்களுக்கும் அடித்துத்தான் சொல்லிக்கொடுத்தார்களா?" என்று கேட்டான். உள்ளங்கையைக் காட்டினான். மிஷன் பள்ளியில் ஐந்தாவது உருவத்தை மறந்தால் மரக்கட்டையால் உள்ளங்கையில் அடி விழுமாம். போர்ச்சுகீஸ் அவன் தாய்மொழி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனும் என்னைப் போல மனப்பாடம் செய்து ஏறியவன்தான்.

நான் பேசாமல் பேனாவை மூடுவது போல ஜாடை காட்டினேன். அவனுக்குப் புரிந்திருக்காது. ஆனால் லேசாகச் சிரித்தான். பிறகு 'கொண்டுவந்தேன்' என்ற இறந்தகாலத்தை எனக்குப் போட்டான். மிகக் கடினமான வினை, சொன்னால் நாக்கு முறுக்கிக்கொள்ளும். நான் ஆறையும் மூச்சு விடாமல் சொன்னேன். "நீங்கள் பாஸ்" என்றான். நர்ஸ் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். இரண்டு மடக்குக் குடித்தான்.

அப்புறம் அவனே மெல்லிய குரலில் 'முடியும்' என்பதை எதிர்காலத்தில் சொல்ல ஆரம்பித்தான். என்னால் முடியும் இனிமேல், உன்னால் முடியும் இனிமேல். முதல் உருவத்திலேயே நின்றுவிட்டான்.

"அதைத்தான் யாரும் சொல்லவில்லை" என்றான். "எதை வெட்டுவார்கள் என்று சொன்னார்கள். வெட்டின பிறகு என்னால் என்ன முடியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. என் அப்பா ஸ்டேஷனில் மூட்டை தூக்கினார். என்ஜின் பக்கத்தில் போனால் துரை விரட்டுவான். எங்கள் குடும்பத்தில் என்ஜினில் ஏறின முதல் ஆள் நான். அந்த டாக்டரைக் கூப்பிடுங்கள். நான் கேட்கணும்."

டாக்டரைக் கூப்பிட எனக்கு விதி தடையில்லை. தியேட்டர் வாசலுக்கு ஓடினேன். நான் ஓடி அந்த வார்டு அதற்கு முன் பார்த்ததில்லை. "நோயாளி உங்களிடம் கேள்வி கேட்க விரும்புகிறார்" என்று சொல்லி அனுப்பினேன். டாக்டர் பிந்த்ரா பச்சைத் தொப்பியோடே வந்தார். முந்தின நாள் வராண்டாவில் நான் கத்தியது வேலை செய்ததோ என்னவோ, இந்தத் தடவை நிற்காமல் கட்டிலிலேயே உட்கார்ந்தார்.

எர்னெஸ்து கேட்டான். "காலை எடுத்த பிறகு என்னால் என்ஜின் ஓட்ட முடியுமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து, "முடியாது" என்றார்.

"முடியாது" என்றேன். அவர் சொன்ன அதே அளவு, அதே கனம். என் வாழ்நாளில் சொன்ன கடினமான வார்த்தை அது. அங்கே அது வெறும் 'நாவ்ன்', அதாவது 'இல்லை'; வினைச்சொல்கூடத் தேவைப்படவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரம் வழிந்தது. யாரும் துடைக்கவில்லை. டாக்டரும் அவசரப்படுத்தவில்லை.

"வேறு என்ன முடியாது?"

"ஃபுட்பால் முடியாது. ஓட முடியாது. ரொம்ப நேரம் நிற்பது சிரமம்."

"என்ன முடியும்?"

"செயற்கைக் கால் வைத்து நடக்கலாம். மாடி ஏறலாம். சைக்கிள் ஓட்டலாம். கல்யாணம் செய்துகொள்ளலாம். என்னைத் திட்டலாம்."

எல்லாவற்றையும் சொன்னேன், கடைசியையும் சேர்த்து.

"மற்றவர்களுக்கு என்ஜின் ஓட்டக் கற்றுக்கொடுக்க முடியுமா?" என்றான் எர்னெஸ்து.

டாக்டர் யோசித்தார். அவரைப் போன்ற மனிதர் யோசித்துப் பார்த்தது எனக்கே புதிது. "எனக்குத் தெரியாது. நான் எலும்பு டாக்டர், என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ரயில்வேக்காரர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார்.

"எனக்குத் தெரியாது" என்று சொன்னேன்.

அதைக் கேட்டதும் அவன் எழுந்து உட்கார முயன்றான். "கொடுங்கள்" என்றான். அவன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது வெளியே மத்தியானச் சாப்பாட்டுத் தள்ளுவண்டி வந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அன்றே கால் போயிற்று. உயிர் தங்கியது.

ஆபீஸுக்குத் திரும்பி, "சார், டாக்டர் இல்லாதபோது நோயாளியோடு வாய் திறந்தேன்" என்றேன் நொரோன்யா சாரிடம். அவர் முகம் இறுகியது.

"என்ன பேசினீர்கள்?"

"'முடியும்' என்ற வினை, நிகழ்காலம், சார்."

"ஆறும்?"

"ஐந்தாவதை அவர் சொன்னார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "இலக்கணம் பேச்சு ஆகாது" என்றார் கடைசியில். பியூனைக் கூப்பிட்டு எனக்கு ஒரு டீ சொன்னார். அவர் எனக்கு டீ சொன்னது அதுவரை கிடையாது.

எர்னெஸ்து பல மாதங்கள் டில்லியிலேயே இருந்தான். செயற்கைக் கால் பொருத்தினார்கள். நடக்கப் பழகும்போது விழுவான், விழுந்தால் இந்தியில் திட்டுவான், அதை அறை நண்பர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டாக்டர் பிந்த்ரா சொன்னபடி ரயில்வேக்காரர்களைக் கேட்டார். அதிலும் விடாமல் கேட்டார். பயிற்சியாளர் படிப்பில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். படிப்பு முடிந்து குழு ஊருக்குக் கிளம்புகிற சமயம் ஒரு சின்ன விழா வைத்தார்கள். குளிர்காலம், வெயிலுக்காகப் புல்வெளியில் ஷாமியானா. அதிகாரிகள், டாக்டர், ஹாஸ்டல் பையன்கள், ஸ்வெட்டர் போட்ட நொரோன்யா சார். மேடையில் எர்னெஸ்து கைத்தடியோடு நின்றான். பக்கத்தில் ஒரு மைக்கோடு நான்.

ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னான், நான் இங்கிலீஷில் சொன்னேன். அரசாங்கத்துக்கு நன்றி. ஆசிரியர்களுக்கு நன்றி. டாக்டரைப் பார்த்து, "என்னைத் திட்டலாம் என்று இவர் அனுமதி கொடுத்திருக்கிறார், ஊருக்குப் போய்த் திட்டிக்கொள்கிறேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சொன்னான், "இன்னொருவர் இருக்கிறார். இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் பெண்."

நான் மைக்கைத் தாழ்த்திவிட்டேன். முன்வரிசை அதிகாரி ஒருவர், எனக்கு வார்த்தை மறந்துவிட்டதோ என்று நெளிந்தார். இதை விட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனால் யாருக்குத் தெரியும்? அந்தக் கூட்டத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஆள் இன்னும் ஒருவர்தான். அவரைப் பார்த்தேன். நொரோன்யா சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, போர்ச்சுகீசில், "தீக" என்றார். 'சொல்லுங்கள்' என்று அர்த்தம்.

சொன்னேன். எர்னெஸ்து தொடர்ந்தான், நானும் தொடர்ந்தேன்.

"இந்த ஊரில் எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். அன்பாக இருந்தவர்கள் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். நான் அவர்களை நம்பவில்லை. இந்தப் பெண் அன்பாக இருக்கவில்லை. என்னை முட்டாள் என்றாள். முடியாது என்றாள். தெரியாது என்றாள். அதனால் அவள் வாயிலிருந்து வந்த மற்றதையும் நம்பினேன்."

எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் குரல் நடுங்கவில்லை. எர்னெஸ்து கைத்தடியை ஊன்றிக்கொண்டு கடைசி வாக்கியத்தைச் சொன்னான். நான் மைக்கை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பெண்ணால்தான் நான் இன்று உயிரோடு நிற்கிறேன்" என்று, என்னைப் பற்றி நானே, அத்தனை அதிகாரிகள் நடுவில், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் உரக்கச் சொன்னேன்.